பால் பதிவேட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் லீற்றர், கொழுப்பு வீதம், கையொப்பம்.
பின்பக்கத்தை நான் திறந்து வைத்ததில்லை,
அவர்களே திருப்பிக்கொண்டார்கள்.

தொடங்கியவர் கோணலிங்கம்.
பங்குனி. நாலு நாள் மழை, பெய்யக்கூடாத மழை.
பட்டிக்குள் வெந்த ஈரல் நிறத்தில் ஒரு காளான்,
மாடு முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியதாம்.
பங்குனியில் காளானோ என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
பேனையை எடுத்தேன்.

அதன்பிறகு நெடுங்கேணிச் சந்தி நிலையத்துக்கு
பால் கானோடு வேறும் வந்தன:
ஒடித்த கிளை, உரித்த பட்டை,
பொலித்தீன் பைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த ஏதோ.
பெயர் தெரியாததற்குக்
கொண்டுவந்தவர் பெயரையே வைத்தோம்.
புனிதசீலன் பூண்டு இப்போது
குளக்கட்டு முழுக்கப் படர்ந்துவிட்டது.
ஊருக்குள் தான் பட்ட கடனை விசாரிப்பதுபோல்
ஒவ்வொரு விடியலும் தலை குனிந்து கேட்கிறார்:
"இப்ப எங்கை மட்டும் வந்திட்டுது?"

பாலை இரண்டு வருசம் பழுக்கவில்லை என்றாள் யோகாம்பிகை.
பாலை அப்படித்தான், விட்டு விட்டுத்தான் பழுக்கும் என்றார் மரியநாயகம்.
இரண்டையும் எழுதினேன்.
இருவரும் எட்டிப் பார்த்து,
தன் வரி மேலே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார்கள்.

"முந்தி இருந்ததோ?" என்றொரு நிரல் போட்டிருந்தேன்.
அதில்தான் எல்லோரும் தடக்குப்பட்டார்கள்.
முந்தி என்றால் எது?
முள்ளுக்கம்பிக்குள் தண்ணிக்கு வரிசையில் நின்ற காலத்தில்
இங்கே என்ன பூத்தது, என்ன பட்டுப்போனது,
யார் கண்டது?
திரும்பி வந்தபோது வீட்டு அறைக்குள் வீரை நின்றது.
அது புதிதா, நாங்கள் புதிதா?
அந்த நிரலை
அநேகமாய் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

தவரஞ்சினி கண்ணிவெடி அகற்றுபவள்.
மத்தியானம், தலைக்கவசம் பதித்த கோடு நெற்றியில் காயாமல் வந்தாள்.
மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால்
வட்டமாய்ப் பதினேழு வெள்ளைக் குடைகள்.
உயரம்?
"ஒரு சாண் இருக்கும். கிட்டப் போகேல்லை."
அப்படியே எழுதினேன்: ஒரு சாண், கிட்டப் போகேல்லை.
இந்தப் புத்தகத்தில் மிகச் சரியான அளவு
அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனி பதினொன்றில், உச்சி வெயிலில்,
கார்த்திகைப்பூ.
வேலியில் ஒரே ஒரு கொடி, இரண்டு பூ.
சொன்னவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
எழுதும்போது என் கையெழுத்தும் சிறுத்தது.
மாதம் பிழைத்துப் பூத்ததைத்தான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஒருவர் வந்தார்,
மாடு வளர்க்காதவர், சேட்டை உள்ளே விட்டிருந்தார்.
"இது என்ன லிஸ்ற்?"
பூ, என்றேன்.
"பூ மட்டுமா?"
காளானும்.
ஒவ்வொரு பக்கமாய்ப் போனில் படமெடுத்தார்,
புனிதசீலன் பூண்டில் கொஞ்ச நேரம் நின்றார்.
அவர் போனபின் கை நடுங்கியது உண்மை.
ஆனாலும்
எங்கள் அவதானிப்புகள் முதன்முதலாய்
எங்கோ போய்ச் சேர்ந்தன.

பிறகு இரண்டு மாதம் ஒருவரும் பின்பக்கத்தைத் தொடவில்லை.
பால் மட்டும் ஊற்றினார்கள்,
அதுவும் குறைந்து.
வெக்கைக்கு மாடு மரத்தடியை விட்டு எழும்பவில்லை,
கொழுப்பு வீதம் மூன்றுக்குக் கீழே.
ஒரு மத்தியானம் பட்டது,
முன்பக்கத்திலும் நான் இவ்வளவு நாளும்
இதைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று விடிய, மழை விட்டு ஒன்பதாம் நாள்,
பதிவேட்டைத் திறந்தேன்.
அறுபத்தோராம் பக்கத்தில், வெறும் நிரலுக்குள்,
சாம்பலும் பச்சையுமாய்ப் பூஞ்சணம்.
ஐம்பது சதக் குத்தியளவு.
சீலையெடுத்துத் துடைக்கப் போன கோணலிங்கத்தைத் தடுத்து
பக்கத்தில் திகதி போட்டேன்.
"ஆற்றை பேரை வைக்கிறது?" என்றார்.